அந்தக் காசு எப்படி வெளியே வந்தது?

மாதிரி நாணயங்களைத் தேடத் தொடங்கியிருக்கும் சேகரிப்பாளர்களுக்கு,

உங்களில் பலரை நாணயக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். சிலரோடு எதிரெதிரே உட்கார்ந்து காசு மாற்றியும் இருக்கிறேன். ஜார்ஜ் மன்னர்களின் ரூபாய் வரிசை முடிந்தது. குடியரசு இந்தியாவின் காசுகளை வருடம், மின்ட் மார்க் வாரியாக அடுக்கியாயிற்று. இனி என்ன என்று வரும்போது கண் ‘பேட்டர்ன்’ எனப்படும் மாதிரி நாணயங்கள் பக்கம் திரும்புகிறது. புழக்கத்துக்கே வராத காசு, உலகத்தில் நான்கோ ஐந்தோதான் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? என்னையும் நெடுங்காலமாகப் பிடித்துவைத்திருக்கும் ஆசைதான் அது. ஆனால் அந்த மேசைகளைச் சுற்றி நடக்கும் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விலை கேட்கிறீர்கள், கேட்லாக் எண் கேட்கிறீர்கள், என்ன கிரேடு என்று கேட்கிறீர்கள். அந்தக் காசு நாணயச்சாலையின் வாசலை எப்படித் தாண்டியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

புழக்கத்துக்கு வந்த காசிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. மூட்டை மூட்டையாகக் கருவூலத்துக்குப் போய், வங்கிக்குப் போய், நம் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது அது. மாதிரி நாணயத்தின் பிறப்பு வேறு. ஒரு புது வடிவத்தையோ, உலோகத்தையோ, அளவையோ அதிகாரிகள் கையில் வாங்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதற்காகச் சில காசுகள் அடிக்கப்படுகின்றன. பிடித்தால் சிறு திருத்தங்களோடு உற்பத்தி தொடங்கும். பிடிக்காவிட்டால் அடித்த காசு உலைக்கோ பெட்டகத்துக்கோ போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அது வெளியே வர வழியில்லை. அப்படியிருந்தும் இன்று உங்கள் முன்னால் தட்டில் இருக்கிறது என்றால், நடுவில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். பரிசாகக் கொடுத்திருக்கலாம். விற்றிருக்கலாம். சோதனைக்கு வாங்கியவர் திருப்பித் தராமல் இருந்திருக்கலாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அல்லது அரை நூற்றாண்டு கழித்துப் பழைய அச்சை எவரோ வாங்கி மறுபடி அடித்திருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்று தெரியாதவரை உங்கள் கையில் இருப்பது ஆவணமா, திருட்டுப் பொருளா, பிற்காலத்து வியாபாரச் சரக்கா என்று சொல்ல முடியாது.

எட்டாம் எட்வர்டின் காசுகளை எடுத்துக்கொள்வோம். மாதிரி நாணயங்களில் இவ்வளவு தெளிவாகத் தடம் தெரியும் வரிசை குறைவு.

1936 ஜனவரி 20 அன்று ஐந்தாம் ஜார்ஜ் இறந்தார். மூத்த மகன் எட்வர்ட் மன்னரானார். புது மன்னருக்குப் புதுக் காசு வேண்டும். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு: முன்னவர் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் இடப்பக்கம் பார்த்தவர். எட்வர்ட் வலம் பார்த்திருக்க வேண்டும். அவர் மறுத்துவிட்டார். தலைவகிடு தெரியும் இடப்பக்கத் தோற்றமே தனக்கு அழகு என்று பிடிவாதம் பிடித்தார். சிற்பி ஹம்ப்ரி பேஜட் அப்படியே செதுக்கினார். தங்க ஐந்து பவுண்டிலிருந்து வெண்கல ஃபார்திங் வரை 1937 என்று ஆண்டு பொறித்து மாதிரிகள் அடிக்கப்பட்டன. புத்தாண்டில் உற்பத்தி தொடங்க வேண்டியதுதான் பாக்கி. டிசம்பர் 11 அன்று எட்வர்டின் முடிதுறப்பு நடைமுறைக்கு வந்தது. ஒரே நாளில் அந்தக் காசுகள் அனைத்தும் இல்லாத மன்னரின் காசுகளாயின.

அடுத்து வந்த ஆறாம் ஜார்ஜ் எந்தப் பக்கம் பார்த்தார் என்று உங்கள் ஆல்பத்தில் பாருங்கள். இடப்பக்கம். எட்வர்ட் வலப்பக்கம் பார்த்ததாகவே வைத்துக்கொண்டு வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். வெளிவராத ஒரு காசு, வெளிவந்த காசின் முகத்தை இப்படித் திருப்பியிருக்கிறது. ஃபார்திங்கில் 1956 வரை உட்கார்ந்திருந்த ரென் குருவியும், அரைப் பென்னியில் பாய்விரித்த கப்பலும் எட்வர்டின் மாதிரிகளிலிருந்து வந்தவைதான். புழக்கத்துக்கு வந்த காசை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தத் தலை ஏன் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பது ஒருபோதும் தெரியாது. மாதிரி நாணயத்தை நான் மதிப்பது இதற்காகத்தான். எண்ணிக்கை குறைவு என்பது அதன் விலைக்குக் காரணமாக இருக்கலாம். நம் அக்கறைக்குக் காரணம் அதுவாக இருக்கக் கூடாது.

அந்த மாதிரிகள் என்னவாயின? ராயல் மின்ட்டின் துணைத் தலைவருடைய பெட்டகத்தில், இரண்டு மூத்த அதிகாரிகள் உடனிருந்தாலொழியத் திறக்கக் கூடாது என்ற குறிப்போடு ஒரு பெட்டி முத்திரையிட்டு வைக்கப்பட்டது. 1970 வரை அது அங்கேயே கிடந்தது. வெளியே போன சிலவற்றின் வழி தெரியும். பித்தளை நிறத்தில் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட மூன்று பென்ஸ் காசு அப்போதுதான் புதிதாக வரவிருந்தது. காசு போட்டால் இயங்கும் இயந்திரங்களில் அது சரியாக விழுகிறதா என்று பார்க்க, இயந்திரம் செய்பவர்களிடம் சில கொடுக்கப்பட்டன. எல்லாம் திரும்பி வரவில்லை. இன்று ஏலத்துக்கு வரும் எட்வர்ட் மூன்று பென்ஸ் காசுகளின் பூர்வீகம் அதுதான். எட்வர்டின் சாவரின் ஒன்று 2020 ஜனவரியில் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அந்த விலையின் பெரும்பகுதி தங்கத்துக்கானதல்ல.

இங்கே நம் நாட்டவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிலாந்தில் எட்வர்டின் பெயரில் ஒரு காசுகூடப் புழங்கவில்லை. ஆனால் குஜராத்தின் கட்ச் சமஸ்தானம் 1936-இல் அவர் பெயரைப் பொறித்துத் தன் ‘கோரி’ என்ற வெள்ளிக் காசுகளை வெளியிட்டது. ஜோத்பூரும் தன் காசில் அவர் பெயரைப் பொறித்தது. கிழக்கு ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, ஃபிஜி, நியூகினி ஆகிய இடங்களுக்கான நடுவில் துளையிட்ட காசுகளில் மன்னர் முகம் தேவையில்லை, பெயர் போதும் என்பதால் அவையும் வெளிவந்துவிட்டன. எட்வர்ட் சாவரினை நாம் யாரும் வாங்கப் போவதில்லை. கட்ச் கோரியை வாங்கலாம். ஒரு மாத வீட்டுச் செலவில் கைவைக்காமல் வாங்கக்கூடிய காசு அது. மாதிரியின் கதையைச் சொல்ல மாதிரியே வேண்டும் என்பதில்லை. அதற்குப் பதிலாக ‘எட்டாம் எட்வர்ட் பேட்டர்ன்’ என்று சொல்லி உங்களிடம் நீட்டப்படும் பெரிய வெள்ளி வட்டுகளைப் பற்றி எச்சரிக்கிறேன். இவை பல பத்தாண்டுகள் கழித்துத் தனியார் சேகரிப்பாளர்களுக்கென்று அடித்து விற்றவை. பல நாடுகளின் பெயர்களில் உண்டு, இந்தியாவின் பெயரிலும் உண்டு. எந்த அரசும் இவற்றை ஆராயவில்லை, ஏற்கவுமில்லை, நிராகரிக்கவுமில்லை. அழகுக்காக வாங்குங்கள், மாதிரி நாணயம் என்று வாங்காதீர்கள்.

பழைய அச்சை மறுபடி அடிப்பதைப் பற்றிச் சொன்னேன். அதற்கு பர்மிங்ஹாம் பக்கம் போக வேண்டும். நம் மதராஸோடு நேரடித் தொடர்புள்ள இடம் அது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மாத்யூ போல்டன் என்ற தொழிலதிபர் 1788 வாக்கில் சோஹோ என்ற இடத்தில் நீராவியால் இயங்கும் நாணயச்சாலை ஒன்றை அமைத்தார். அன்றைய இங்கிலாந்தில் அரைப் பென்னிச் செம்புக் காசுகளில் பெரும்பாலானவை கள்ளக் காசுகள். நேர்த்தியான, ஒரே அளவான காசை இயந்திரத்தால் அடித்தால் கள்ளக்காசு அடிப்பவனால் ஈடுகொடுக்க முடியாது என்பது போல்டனின் வாதம். அரசை நம்பவைக்க மாதிரிகள் தேவைப்பட்டன. பாரிஸிலிருந்து ஜான் பியர் ட்ரோஸ் என்ற செதுக்குக் கலைஞரை வரவழைத்தார். காசு அடிபடும்போதே அதன் விளிம்பில் எழுத்து பதியும்படி, துண்டு துண்டாகப் பிரியும் ஒரு வளையத்தைப் பயன்படுத்தியவர் ட்ரோஸ். அந்த முறையில் 1788 முதல் 1790 வரை ஆண்டிட்ட அரைப் பென்னி மாதிரிகள் செம்பு, பொன்முலாம், வெள்ளி என்று பல வகையில் வந்தன. பிரபுக்களுக்கும் அமைச்சர்களுக்கும் அவை அன்பளிப்பாகப் போயின. போல்டனும் ட்ரோஸும் சண்டையிட்டுப் பிரிந்தார்கள். அரசின் ஆணை 1797-இல்தான் கிடைத்தது. வண்டிச் சக்கரம் என்று மக்கள் பெயர்வைத்த கனமான பென்னியும் இரண்டு பென்னியும் அப்படி வந்தவை. இரண்டு பென்னி ஒன்றின் எடை இரண்டு அவுன்ஸ்.

இந்த மாதிரிகள் வெளியே வந்த வழி நேர்மையானது. காட்டுவதற்காகவே அடித்தார்கள், கொடுப்பதற்காகவே கொடுத்தார்கள். சிக்கல் பின்னால் வந்தது. 1850-இல் சோஹோ நாணயச்சாலை மூடப்பட்டு எல்லாம் ஏலத்துக்கு வந்தபோது லண்டனில் அச்சு செதுக்கும் தொழிலிலிருந்த டபிள்யூ. ஜே. டெய்லர் பழைய அச்சுகளை வாங்கினார். சேகரிப்பாளர்களுக்காக அவற்றிலிருந்து மீண்டும் காசு அடித்தார். ஒரு காசின் முன்பக்க அச்சையும் வேறொரு காசின் பின்பக்க அச்சையும் சேர்த்து, போல்டன் கனவிலும் நினைக்காத ஜோடிகளை உண்டாக்கினார். ஆண்டு 1788 என்றிருக்கும், அடித்தது விக்டோரியா காலமாக இருக்கும். இதைப் பிரித்தறியும் வேலையை வில்சன் பெக் என்ற ஆய்வாளர் செய்தார்; பிரிட்டிஷ் மியூசியத்தின் செம்புக் காசுகளுக்கு 1960-இல் அவர் வெளியிட்ட அட்டவணைதான் இன்றும் கைவிளக்கு. அவர் சொல்லிக்கொடுத்த அடையாளங்களில் எளிதானது துரு. பல வருடம் கிடந்த எஃகு அச்சில் துரு குழி பறிக்கும். அந்த அச்சில் அடித்த காசில் குழி இருந்த இடமெல்லாம் சிறு மேடுகளாக எழும்பி நிற்கும். லென்ஸை வைத்துப் பாருங்கள்; மன்னரின் கன்னத்தில் மணல்போலப் பொடிப் புள்ளிகள் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

இதே சோஹோ நாணயச்சாலைதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மதராஸ் மாகாணத்தின் செம்புக் காசுகளை அடித்தது. 1794, 1797 ஆண்டிட்டு, ஒரு ரூபாய்க்கு 48 என்று எழுதி வடசர்க்கார் பகுதிக்கு வந்தவை அங்கே பிறந்தவை. 1803-இலும் 1808-இலும் வந்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களும் அப்படியே. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தில் இருபது காசு நான்கு பலுஸ் என்ற கணக்கு. இவற்றுக்கு மினுமினுக்கும் புரூஃப்களும் பொன்முலாம் பூசியவையும் உண்டு. கம்பெனி இயக்குநர்களுக்குக் காட்ட அடித்தவையும் இருக்கின்றன, பின்னாளில் சேகரிப்பாளர்களுக்கென்று அடித்தவையும் இருக்கின்றன. நம் ஊரில் இவை கைமாறும்போது இரண்டும் ஒரே பெயரில், ஒரே விலையில் போவதைப் பார்க்கிறேன். மனது வலிக்கிறது. நம் மாகாணத்துக்காக அடித்த காசைப் பற்றி நமக்குத் தெரியாவிட்டால் வேறு யார் தெரிந்துகொள்வார்கள்?

இதில் சேர்த்துச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1808 ஆண்டிட்ட இந்தக் காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு மதராஸுக்குப் புறப்பட்டது. இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களின் நடுவில் முக்குளித்து லட்சக்கணக்கில் எடுத்தார்கள். நடுவிலிருந்த பீப்பாய்களில் இருந்தவை புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. மாதிரி அல்ல, உற்பத்திக் காசுதான். ஆனால் ஒரு நாள்கூடப் புழங்காத காசு. எங்கே பிறந்தது, எந்த ஊருக்குப் புறப்பட்டது, எங்கே கிடந்தது, எப்படி மேலே வந்தது என்று எல்லாமே தெரிந்த காசு. விலையும் கைக்கெட்டும் தூரத்தில்தான். புழக்கத்துக்கு வராத காசு ஒன்று வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களிடம் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்கிறேன். திருவல்லிக்கேணிக் கடைத்தெருவுக்கு வந்திருக்க வேண்டியது அது.

அமெரிக்காவுக்கு வருவோம். மாதிரி நாணயங்கள் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை அங்கே நடந்த அளவுக்கு வேறெங்கும் நடக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிலடெல்பியா நாணயச்சாலை மாதிரிகளைக் கிட்டத்தட்டத் தன் கைச்செலவுக் காசுபோலப் பயன்படுத்தியது. பெரிய செம்பு சென்ட்டை விட்டுவிட்டுச் சிறிய சென்ட்டுக்கு மாற வேண்டும் என்று சட்டமன்றத்தாரை நம்பவைக்க, 1856 ஆண்டிட்டுப் பறக்கும் கழுகு சென்ட் அடித்துக் கொடுத்தார்கள். சட்டம் 1857 பிப்ரவரியில் நிறைவேறியது. சேகரிப்பாளர்கள் அந்த 1856 காசுக்காக அலைமோதியதும், அதே ஆண்டைப் பொறித்து மேலும் அடித்தார்கள். அப்போது சாலையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ராஸ் ஸ்னோடன், சாலையின் அருங்காட்சியகத்துக்காக வாஷிங்டன் பதக்கங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். பதக்கம் கொடுத்தவர்களுக்கு மாதிரி நாணயங்கள் மாற்றாகப் போயின. 1879-இலும் 1880-இலும் நான்கு டாலர் தங்கக் காசு ஒன்றை முயன்றார்கள். ஐரோப்பாவிலும் செல்லுபடியாகும் உலகக் காசாக அது ஆகும் என்பது எண்ணம். 6 கிராம் தங்கம், 0.3 வெள்ளி, 0.7 செம்பு, மொத்தம் 7 கிராம் என்று உலோகக் கணக்கையே முகத்தைச் சுற்றி எழுதிவைத்தார்கள். நடுவில் நட்சத்திரம் இருந்ததால் ஸ்டெல்லா என்று பெயர். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். திட்டம் தோற்றது, காசு நின்றது. 1880களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் கிம்பல் இயக்குநராக வந்து இந்த வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

பிறகு 1909-இல் வில்லியம் உட்டின் என்ற சேகரிப்பாளர் 1877-இல் அடித்த ஐம்பது டாலர் தங்க மாதிரிகள் இரண்டை ஒவ்வொன்றும் பத்தாயிரம் டாலருக்கு வாங்கினார். நாட்டுக்குச் சொந்தமான அரும்பொருள் தனியார் கைக்கு எப்படிப் போனது என்று கூச்சல் எழுந்தது. உட்டின் காசுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஈடாக நாணயச்சாலை அவருக்குப் பெட்டி பெட்டியாகப் பழைய மாதிரிகளைக் கொடுத்தது. அவர் அவற்றைப் பூட்டிவைக்கவில்லை. எட்கர் ஆடம்ஸோடு சேர்ந்து ஒவ்வொன்றையும் ஆராய்ந்து 1913-இல் அட்டவணையாக வெளியிட்டார். அமெரிக்க மாதிரிகளைப் பற்றிய முறையான ஆய்வு அந்தப் புத்தகத்தின் தோளில்தான் வளர்ந்தது. அந்த இரண்டு தங்கக் காசுகள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கின்றன. இதே உட்டின்தான் 1933-இல் ரூஸ்வெல்ட்டின் நிதிச் செயலாளர். மக்கள் கையிலிருந்த தங்கக் காசுகளைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்ன ஆணையில் சேகரிப்பாளர்களின் அரிய காசுகளுக்கு விலக்கு இருந்தது. உலையிலிருந்து எத்தனையோ காசுகளைக் காப்பாற்றிய விலக்கு அது. என் மனதில் சேகரிப்பாளர் என்றால் அவர்தான்.

அதற்கு நேர் எதிரான ஒன்று 1974-ஆம் ஆண்டின் அலுமினிய சென்ட். செம்பு விலை ஏறிக்கொண்டே போனதால் ஒரு சென்ட் காசின் உலோகம் ஒரு சென்ட்டைத் தாண்டிவிடும் என்ற பயம் வந்தது. 1973-இன் இறுதியில் பிலடெல்பியாவில் 1974 என்று ஆண்டிட்டுப் பதினைந்து லட்சத்துக்கும் மேல் அலுமினிய சென்ட் அடித்தார்கள். ஒரு கிராமுக்கும் குறைவான எடை. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பார்க்கக் கொடுத்தார்கள். தானியங்கி இயந்திரங்கள் வைத்திருந்தவர்கள் எதிர்த்தார்கள். குழந்தை விழுங்கிவிட்டால் எக்ஸ்ரேயில் தெரியாது என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். செம்பு விலையும் இறங்கியது, திட்டம் கைவிடப்பட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டபோது சுமார் ஒரு டஜன் காசுகள் வரவில்லை. ஒன்று ஸ்மித்சோனியனுக்குக் கொடையாக வந்தது. டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஒன்று 2014-இல் தலைகாட்டியது. அங்கே உயர்பதவியிலிருந்து ஓய்வுபெற்றவரின் மகனிடம், அப்பாவின் பொருள்களோடு வந்தது. ஏலத்துக்கு அறிவித்தார்கள். அரசு தன்னுடையது என்றது, வழக்கு நடந்தது, 2016-இல் காசு அரசிடம் திரும்பியது. அப்பா அதை எப்படிப் பெற்றார் என்பதற்கு ஒரு துண்டுத் தாள் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

இனி நம் நாடு. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் வெளிவந்தது. மன்னரின் அங்கியில் தொங்கிய விருதுச் சங்கிலியில் ஒரு சிறிய யானை. செதுக்கியவர்களுக்கும் சரிபார்த்தவர்களுக்கும் யானையாகத் தெரிந்தது, கடைத்தெருவில் காசை வாங்கியவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. தும்பிக்கை அவ்வளவு குட்டை. முஸ்லிம்கள் கொதித்தார்கள். 94 லட்சம் அடித்ததில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை நிறுத்தி, 1912-இல் தும்பிக்கையையும் காதையும் திருத்தி மறுபடி அடித்தார்கள். மாதிரியை யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ரூபாய் காட்டுகிறது. 1911 ரூபாயும் 1912 ரூபாயும் அருகருகே இருந்தால் லென்ஸில் பாருங்கள். ஒரு நாணயக் குழுவின் கூட்ட அறைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

நம்முடைய நாணயச்சாலைகளிலும் மறு அச்சு உண்டு. கல்கத்தா, பம்பாய் சாலைகள் பழைய அச்சுகளை வைத்துச் சேகரிப்பாளர்களுக்காக 1970 வரை காசு அடித்துக் கொடுத்தன. கம்பெனி காலத்து ரூபாயிலிருந்து ஆறாம் ஜார்ஜ் வரை இப்படி வந்தவை உண்டு. இவை திருட்டும் அல்ல, போலியும் அல்ல. அரசுச் சாலையே அதிகாரபூர்வமாக அடித்தவை. தமக்கென்று ஒரு மதிப்பு உள்ளவை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மறு அச்சு 1835-இன் மாதிரி என்று விற்கப்படும்போது அது ஏமாற்று. பிரிட்மோரின் இந்திய நாணய அட்டவணையை வாங்குங்கள். முதல் மாதிரி நாணயத்தை வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

இன்னொரு ஏமாற்று நம் ஊர்களில் குடும்பங்களையே அழித்திருக்கிறது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அணா என்று மறுபக்கம். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. கோயில் டோக்கன்போலப் பிற்காலத்தில் செய்து விற்றவை. இவற்றைப் புழக்கத்துக்கு வராத ரகசிய மாதிரி என்றும், அரிசியை இழுக்கும் சக்தி உடையது என்றும், இரிடியம் கலந்தது என்றும், வெளிநாட்டு ஆராய்ச்சி நிறுவனம் கோடிகளுக்கு வாங்கும் என்றும் சொல்லி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள். காவல் நிலையங்களில் இந்தப் புகார்கள் ஓயவில்லை. உங்களிடம் யாராவது இதைக் கொண்டுவந்து காட்டினால் சிரித்து அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்து, செம்பா பித்தளையா என்று காட்டி, கம்பெனியின் உண்மையான காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து விளக்குங்கள். நம்மைத் தவிர அவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

நான் கேட்பது இதுதான். மாதிரி என்று ஒன்று வந்தால் விற்பவரிடம் இது எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள். தெரியாது என்றால் அந்தத் தெரியாமைக்கும் ஒரு விலை உண்டு, அதைக் குறைத்துக் கொடுங்கள். நூறு வருடத்தைத் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் நல்ல விலை என்று ஆசை காட்டுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு எடை, விட்டம், விளிம்பு, உலோகம், முன்பக்கத்துக்குப் பின்பக்கம் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்பதெல்லாம் குறித்துவையுங்கள். பழைய காகித உறையை எறியாதீர்கள். அதில் யாரோ பேனாவால் எழுதிய இரண்டு வரி, காசின் பாதி.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மூத்த சேகரிப்பாளர் இறந்த பிறகு, வீட்டார் இடம் அடைக்கிறது என்று உறைகளையும் ஏலச்சீட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, காசுகளை ஒரே டப்பாவில் கொட்டி விற்றார்கள். அதில் நிக்கலில் அடித்த ஒரு காசு இருந்தது. அவர் அதைப் பற்றி நிறையச் சொல்வார். இன்று அது யாரிடமோ இருக்கிறது. அது என்ன என்று வைத்திருப்பவருக்கும் தெரியாது, நிரூபிக்க எனக்கும் வழியில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு நாணயத்தில் ஆர்வம் வராமல் போகலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் எந்தக் காசு எது, எந்தத் தாள் எதற்கு என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்றாவது அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

திருட்டுப் பயத்தால் பெயரை வெளியே சொல்ல முடியாது என்பீர்கள். நியாயம்தான். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். காசின் இரு பக்கப் படமும் விளிம்பின் படமும் எடையும் போதும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயங்களுக்கு எட்கர் தர்ஸ்டன் 1890-இல் கம்பெனி நாணயங்களின் வரலாற்றோடு சேர்த்து ஒரு பட்டியல் போட்டார். நம் கைகளில் சிதறிக் கிடக்கும் சோஹோ காசுகளுக்கு, அதிலும் மதராஸ் மாகாணத்துக்காக அடித்த மாதிரிகளுக்கும் புரூஃப்களுக்கும், அப்படி ஒரு பட்டியல் தமிழில் போட வேண்டும் என்பது என் விருப்பம். 1794, 1797 ஆண்டிட்ட வடசர்க்கார் காசுகளிலிருந்து தொடங்கலாம். எது போல்டன் காலத்து அடி, எது பிற்காலத்து அடி என்று பிரிக்கக் குறைந்தது சில டஜன் காசுகளின் எடையையும் துருப் புள்ளிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவரிடம் இருக்கும் ஒற்றைக் காசால் அது முடியாது. உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு யாரெல்லாம் சோஹோ காசு வைத்திருக்கிறீர்களோ, நல்ல தராசும் லென்ஸும் எடுத்துக்கொண்டு வாருங்கள். படம் எடுக்கும் வேலையையும் எழுதும் வேலையையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்